ஒரு கண்ணாடி தவிர

இரண்டு கோடைகளுக்கு முன், லண்டனில் அபூர்வமாக வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை இது நடந்தது. நாங்கள் ஸ்ட்ரெதமில் இருக்கிறோம். அங்கிருந்து அதிக தூரமில்லாத மிச்சம் என்ற ஊருக்கு, விற்பனைக்கு வந்திருந்த ஒரு பழைய அமெரிக்கக் காரைப் பார்க்கப் போனோம். மகளுக்கு அப்போது பத்து மாதம்.

என் கணவருக்கு அந்த வகைக் கார்கள் மீது சிறுவயதிலிருந்தே பைத்தியம். நீண்ட மூக்கு, இரண்டே கதவுகள், தெருமுனையில் திரும்பும்போதே வீட்டு ஜன்னலை அதிரவைக்கும் எஞ்சின். அந்த விளம்பரத்தை அவர் சாப்பிடும்போதும் காட்டினார், குழந்தைக்கு உடுப்பு மாற்றும்போதும் காட்டினார். ஐம்பது வருடத்துக்கும் மேல் பழைய கார், கண்ணாடிகள் உட்பட எல்லாமே தொழிற்சாலையில் போட்டபடியே இருக்கின்றன, ஒன்றும் மாற்றவில்லை என்று அதில் எழுதியிருந்தது. விற்பவரும் எங்களைப்போல இலங்கைத் தமிழர்தான். ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, அந்தக் காரையும் ஓட்டிக்கொண்டு இங்கே வந்தவர்.

எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. குழந்தையின் இருக்கையை எங்கே பொருத்துவது? பின் சீட்டில் இடுப்புப் பட்டி மட்டும்தான் இருக்கும் என்று தேடி வாசித்து வைத்திருந்தேன். பிரேக், புகை, பெற்றோல் மணம் என்று எனக்குப் பயப்பட நிறைய இருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. மகள் பிறந்த பிறகு அவர் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. போய்ப் பார்த்தபின் சொல்லலாம் என்று நினைத்தேன். பார்த்தபின் சொன்னால் இன்னும் வலிக்குமே என்றும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருக்க, அந்த வீட்டு வாசல் வந்துவிட்டது.

கார் கராஜுக்கு வெளியே, வெயிலில் நின்றது. கருநீலம். உண்மையைச் சொன்னால் எனக்கே மூச்சு நின்றது. நேற்றுத்தான் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல இருந்தது. சொந்தக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கண் பார்வை மங்கியதால் இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். விற்கிற காரணத்தை அவ்வளவோடு முடித்துக்கொண்டு, எங்கள் கால்களைப் பார்த்தார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ."

பின்னால் நின்ற அவருடைய மனைவி சிரித்தார். "சேர்ச்சுக்கே நாங்கள் சப்பாத்தோட போறம். இவற்ற காருக்குத்தான் வெறுங்கால். இருபது வருசமா இதுக்குள்ள என்னை ஒரு பிடி மிக்சர் தின்ன விடேல்லை இந்த மனிசன்."

அப்படியாக நாங்கள் எல்லோரும் வெறுங்காலோடு நின்றோம். சொந்தக்காரர் எஞ்சினை உறுமவிட்டுக் காட்டினார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு, இருவரும் முன்பக்க மூடியைத் திறந்து உள்ளே குனிந்துவிட்டார்கள்.

அந்த நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வீடியோவில் வந்தார். மகன் காரை வாங்கிவிட்டான் என்றே அவர் முடிவு செய்திருந்தார். எங்கள் குடும்பத்தில் புது வாகனம் என்றால் முதலில் குழந்தையை ஏற்றி, சாவியைக் குழந்தையின் கையில் கொடுப்பார்கள்.

"பிள்ளை, அவளின்ர ராசிக் கையில முதல்ல திறப்பைக் குடுங்கோ. ஓட்டுற சீட்டில இருத்தி ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. கதவைச் சாத்தினாத்தான் ராணி மாதிரி இருப்பாள்."

இன்னும் வாங்கவில்லை மாமி என்று சொல்லியிருக்கலாம். பெரியவர் ஆசைப்பட்டுக் கேட்கிறாரே என்று சொல்லவில்லை. காரின் சொந்தக்காரரிடம் கேட்டேன். அவர் சந்தோஷமாகச் சாவியை நீட்டினார். அதில் மன்னாரில் இருக்கும் மடு மாதாவின் சிறிய பதக்கம் ஒன்று தொங்கியது. கிருமி இருக்குமே என்று சாவியையும் பதக்கத்தையும் ஈரத்தாளால் இரண்டு தடவை துடைத்தேன். பதக்கத்தின் வளையம் தேய்ந்து வாய் பிளந்திருந்தது என் கண்ணில் படவில்லை. சீட் சுடும் என்று என் சால்வையை விரித்து, மகளை ஓட்டுநர் சீட்டில் இருத்தி, சாவியை அவள் கையில் கொடுத்து, கதவை மெதுவாகச் சாத்தினேன்.

அவள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சந்தோஷத்தில் கதவின் மேல் விளிம்பில் கையால் அடித்தாள். அந்தக் காலத்துக் கார்களில் பூட்டு என்பது அந்த விளிம்பில் நிற்கும் சின்னக் குமிழ்தான். டக்கென்று அது கீழே இறங்கியது.

படம் நன்றாக வந்தது. கதவுதான் திறக்கவில்லை.

இழுத்துப் பார்த்தேன். மறுபக்கம் ஓடினேன். அந்தக் கதவு முதலிலிருந்தே பூட்டியிருந்தது. தூசி படும் என்று கண்ணாடிகளும் மேலே ஏற்றப்பட்டிருந்தன. என் சத்தத்தைக் கேட்டு மூன்று பேரும் ஓடிவந்தார்கள்.

"மற்றத் திறப்பு எங்கை?" என்று காரின் சொந்தக்காரர் தன் மனைவியைக் கேட்டார்.

"நீங்கள்தானே வாங்க வாற ஆக்களுக்குக் காட்டவெண்டு பேப்பரோட சேர்த்து முன் லாச்சிக்குள்ள வைச்சனீங்கள்?"

ஒன்று மகளின் கையில், மற்றது முன் இழுப்பறையில்; இரண்டு சாவியும் காருக்குள். கதவு திறக்கிற ஆளைக் கூப்பிடலாமா என்று என் கணவர் போனை எடுத்தார். நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டி மகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சாவியை வாயில் வைத்தாள். எடுத்தாள். எடுத்தபோது அதில் பதக்கம் இல்லை. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். கண்கள் மட்டும் பெரிதாகின. இருமல்கூட வரவில்லை.

"வாய்க்குள்ள போட்டுட்டாள்" என்று கத்தினேன். அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை.

காரின் சொந்தக்காரர் திரும்பி ஓடினார். கராஜுக்குள் போனார், கையில் பெரிய ஸ்பனரோடு வந்தார். மகள் நின்ற இடத்திலிருந்து தள்ளியிருந்த பின் ஜன்னலை, மறுபக்கம் போய், ஒரே அடியில் உடைத்தார். எந்தக் கண்ணாடியைக் காட்டிச் சற்றுமுன், "இதில கொம்பனி முத்திரைகூட அழியேல்லை" என்று பெருமைப்பட்டாரோ, அதே கண்ணாடி. சிதறிய துண்டுகள்மேல் வெறுங்காலோடு நின்றபடி கையை உள்ளே விட்டுக் குமிழைத் தூக்கினார். கதவைத் திறந்து, முழங்காலில் ஊர்ந்து போய், மகளைத் தூக்கி என் கையில் தந்தார்.

கவுன்சில் நடத்திய குழந்தைகள் முதலுதவி வகுப்புக்கு நான் இரண்டு தடவை போயிருந்தேன். ஒரு தடவை போதாதா என்று என் கணவர் கேலி செய்திருந்தார். அந்த நேரத்தில் அங்கே படித்தது ஒன்றுமே மனதில் இல்லை. ஆனால் என் கைக்கு ஞாபகம் இருந்தது. மகளை முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கப் பிடித்து, தோள்களுக்கு நடுவே தட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டில் மாதா தரையில் விழுந்தார். மகள் வீறிட்டு அழுதாள். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

என் கணவர் அழைத்த அவசர உதவி வண்டியில் வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனார்கள். அதுவரை ஒருவரும் கண்ணாடியைப் பற்றிப் பேசவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்த காரின் சொந்தக்காரருடைய பாதங்களிலிருந்து மனைவி ஒவ்வொரு துண்டாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரையும் செருப்போட ஏற விடேல்லை. இண்டைக்கு நீங்களாவது செருப்புப் போட்டிருந்தா இந்தக் கால் தப்பியிருக்கும்."

"சும்மா இரும். பிள்ளை அழுறாள், அந்தச் சத்தத்தைக் கேளும்" என்றார் அவர்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவருடைய மனைவி எழுந்து வந்து என் முதுகைத் தடவினார். சாவியை யார் கொடுத்தது, கதவை யார் சாத்தியது என்று யாருமே கேட்கவில்லை. நான்தான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். கீழே விழுந்து கிடந்த போனில் மாமி, "பிள்ளைக்கு என்ன, பிள்ளைக்கு என்ன" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மகளைக் காட்டினேன். "நான்தானே சாத்தச் சொன்னனான்" என்று அவரும் அழுதார்.

என் கணவர், கண்ணாடி உடைந்தபடியே காரைத் தானே வாங்குவதாகச் சொன்னார். அதுதான் முறை என்று அவருக்குப் பட்டது. அந்தப் பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"இல்லைத் தம்பி, உங்களுக்கு நான் விக்க மாட்டன். பின்னுக்குப் பிள்ளையின்ர சீட் பூட்ட ஏலாது. அவள் வளரட்டும். அப்ப வேற ஒண்டு பாப்பம்."

காலையிலிருந்து என் தொண்டையில் சிக்கியிருந்த வார்த்தைகள் அவை. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன நினைத்துக்கொண்டு வந்தேன் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் மெல்லச் சொன்னார். அன்றிலிருந்து நான் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேக்கும் பழங்களும் வாங்கிக்கொண்டு போனோம். உடைந்த ஜன்னலில் பொலித்தீன் ஒட்டியிருந்தது. அந்தப் பெரியவரின் மனைவி முன் சீட்டில், காலில் செருப்போடு, மடியில் மிக்சர் பையோடு இருந்தார். பெரியவர் பார்த்தும் பார்க்காததுபோல முன்பக்க மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அந்த அம்மா கண்ணடித்து, பக்கத்துச் சீட்டைத் தட்டி, "ஏறும் பிள்ளை, செருப்போடயே ஏறும்" என்றார். மகளை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். இந்தத் தடவை கதவுகள் இரண்டும் அகலத் திறந்தே இருந்தன.

சில வாரங்கள் கழித்து அந்த விளம்பரத்தைத் தேடிப் பார்த்தேன். படங்கள் அதேதான். எழுத்தில் மட்டும் ஒரு சின்ன மாற்றம்: பின் பக்கத்து ஒரு கண்ணாடி தவிர எல்லாம் தொழிற்சாலையில் போட்டவை. காரணம் எழுதவில்லை. பிறகு அந்த விளம்பரமும் காணாமல் போனது. யாரோ வாங்கிவிட்டார்கள்.

மகள் இப்போது வீடு முழுக்க ஓடுகிறாள். நான் இன்னும் பயந்தவள்தான். அவளுக்குச் சாப்பாடு கொடுக்கும்போது இப்போதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் எப்போதாவது தெருவில் அப்படியொரு எஞ்சின் உறுமிப் போனால், ஓடும் மகளைப் பிடித்து நிறுத்திக் கேட்கச் சொல்கிறேன். குறையே இல்லாத ஒரு கார், இவளுக்காக ஒரு குறையை ஏற்றுக்கொண்டு எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கும்போது, இந்தப் பெரிய ஊரில் நான் தனியாகப் பிள்ளை வளர்க்கவில்லை என்று தோன்றுகிறது.