அந்தாட்டிக்கா போன அண்ணி

நான் பனியைப் பார்த்ததில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் மீனைச் சுற்றி உறைந்து கிடப்பதைச் சேர்த்துக்கொண்டால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் துருவப் பனியைப் பற்றித் தமிழில் எழுதுவதுதான் இப்போது என் பிழைப்பு. பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வடதுருவத்திலும் தென்துருவத்திலும் எடுத்த படங்கள், காணொளிகள், ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் இணையத்தில் ஒரே இடத்தில் சேர்த்து, ஆசிரியர்களும் பத்திரிகைக்காரர்களும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரு பொதுக் களஞ்சியம் கட்டுகிறார்கள். அதில் தமிழ்ப் பகுதி முழுவதும் நான். கேகாலை மாவட்டத்து ரப்பர் தோட்டமொன்றில், ஒழுகும் தகரத்தின் கீழ், நான் நனைந்தாலும் பரவாயில்லை என்று மடிக்கணினிக்குக் குடை பிடித்துக்கொண்டு, "விரிசல் விட்ட பனிப்பாறை, ஓரத்தில் பென்குயின்கள்" என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வேலையின் முதல் பாடம், படத்தைத் தனியே விடக்கூடாது என்பது. யார் எடுத்தது, எங்கே, என்ன தெரிகிறது என்ற விவரம் ஒட்டாத படம் அநாதை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறவனும் நான்தான். அதற்கென்று ஒரு குரல்கூட வைத்திருக்கிறேன்.

களஞ்சியத்தில் இன்னொரு பகுதி உண்டு. உலகத்தின் மூலை முடுக்குகளில் இந்தப் படங்களைப் பார்க்கிற மனிதர்களின் முகங்களை அதில் போடுவார்கள். அதற்காக ஒரு ஞாயிறு மாலை, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் வெள்ளைப் போர்வையைக் கட்டிப் படம் காட்டினேன். முதல் கேள்வி கேட்டவள் அண்ணி. என் அண்ணனின் மனைவி. ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவள். அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை.

"அங்க மழ பெஞ்சா பேரு போடுவாங்களா தம்பி?"

மழை நாளில் மரம் வெட்ட முடியாது. ஒரு நாள் வேலைக்கான பேரும் விழாது. அவளுக்கு இருந்த கவலை அது.

"மழ இல்ல அண்ணி, பனிதான். பனி பெஞ்சா எல்லாரும் உள்ளேயே இருப்பாங்க. சம்பளம் உண்டு."

"உள்ள இருக்கிறதுக்கே பேரா? அப்ப தொரமாருதான் போயிருப்பாங்க."

காம்பரா சிரித்து முடித்த பிறகு அவள் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனியின் வெளிச்சம் முகத்தில் விழுந்திருந்தது. அதை எடுத்தேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினேன். தெரிவாகிவிட்டது என்று சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எங்கண்ணனுக்கும் அனுப்பு தம்பி. பாத்தா ஒரு போன் கோல் எடுக்காமலா போயிருவாரு."

அவளுடைய அண்ணன் வரக்காப்பொலையில் துணிக்கடை வைத்திருக்கிறார். தோட்டத்தை விட்டுப் போனவர், பெண் கொடுத்தவர்களிடம் தனக்கு லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறார். மகளின் சடங்குக்குத் தங்கையை அழைக்கவில்லை. அண்ணி அந்தச் சடங்கை யாரோ ஒருவரின் போனில்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் அவள் தலை வாரினாலும் மரக்கறி நறுக்கினாலும் காது என்னவோ வரக்காப்பொலையில்தான் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து படம் அலங்காரமாகி வந்தது. எல்லா முகங்களுக்கும் ஒரே பாணி: கறுப்பு வெள்ளை, சுற்றிலும் தடித்த கறுப்புக் கரை, நான்கு மூலையிலும் வெள்ளைப் பூப்போலப் பனித்துகள், கீழே முழுப் பெயர், ஊர். மிகவும் கண்ணியமாக இருக்கிறது என்று பதில் எழுதினேன்.

மறுநாள் காலை இரத்தினபுரி நீதிமன்றத்தில் ஒரு மொழிபெயர்ப்பு வேலை. இணையச் சிக்னல் கிடைக்கிற வளைவில் நின்று குடும்பக் குழுவுக்கும், தனியாக அவளுடைய அண்ணனுக்கும் படத்தை அனுப்பினேன். பின்னாலேயே விவரம் எழுதினேன். களஞ்சியம், ஆராய்ச்சி, நம் குடும்பத்துக்குக் கிடைத்த பெருமை என்று நீண்ட பத்தி. பஸ் வந்துவிட்டது. படம் போனது, பத்தி போகவில்லை. போனும் வழியிலேயே சார்ஜ் இறங்கி அணைந்தது. நான் ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிற்பகல் சந்தியில் இறங்கினால், அங்கிருந்து லயம் வரைக்கும் சாவுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடி. கடை முதலாளி கடைசிக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். சிங்களவர், எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

"யாரு முதலாளி?"

"அனே மாத்தயா, தெரியாதா? ஒங்க அண்ணி தானே. போன்ல போட்டோ வந்திச்சே."

அந்த ஏற்றத்தில் நான் அழுதுகொண்டே ஓடினேன். காலையில் ரப்பர் பால் வாளியோடு போனவளுக்கு என்ன ஆகியிருக்கும், பாம்பா, வழுக்கி விழுந்தாளா என்று எல்லாம் யோசித்தேன். போட்டோ என்ற சொல் என் காதில் விழுந்தும் மண்டைக்குள் போகவில்லை. எங்கள் ஊரில் மதிலுக்கு மதில் ஒட்டுகிற மரண அறிவித்தலைப் பார்த்தே வளர்ந்த நான், என் கையாலேயே ஒன்றை உலகத் தரத்தில் செய்து அனுப்பிவிட்டு, அதை நம்பி அழுத முதல் படித்தவனும் ஆனேன்.

முற்றத்தில் கித்துல்கலவிலிருந்து வேன் பிடித்து வந்த சித்தி மார்பில் அடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேநீர்க் கேத்தலோடு அண்ணி நின்றாள்.

"போதும் சித்தி, தொண்ட கட்டிக்கும்."

"சும்மா இரு புள்ள. பாதியில விட்டா குத்தமாகிரும்."

மலையில் மரம் வெட்டப் போகிறவள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். என் போனும் செத்திருந்தது. அழைத்துப் பார்த்தவர்களுக்கு இரண்டு பேரும் எடுக்காததே சாட்சியாகிவிட்டது. குடும்பக் குழுவில் இல்லாத என் அண்ணனிடம் மட்டும் யாருக்கும் சொல்லத் துணிவு வரவில்லை, அவர் தப்பித்தார்.

"சாவுக்கு வந்துட்டு சாயத்தண்ணி குடிக்கலாமா?" என்று ஒரு மாமா சந்தேகம் கேட்டார்.

"செத்தவளே ஊத்துறா. குடிங்க மாமா," என்றாள் அண்ணி.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வெள்ளக்காரனுக்கெல்லாம் வெவரம் எழுதுறவராம்," என்றார் மாமா, என்னைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்து. "நமக்கு ஒரு வரி எழுத நேரமில்ல."

அந்த வெட்கத்தை எப்படியும் தாங்கியிருப்பேன். சில வருடங்கள் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். தாங்க முடியாமல் போனது வேறு. கீழே ஆட்டோச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணியின் கேத்தல் ஊற்றாமல் அந்தரத்தில் நின்றது. ஆட்டுக்குட்டிச் சண்டையில் முகம் திருப்பிக்கொண்ட பக்கத்துத் தோட்டத்துக்காரிகூட வந்திருந்தாள். வரக்காப்பொலையிலிருந்து யாரும் வரவில்லை. தன் சாவுக்கு யார் வரமாட்டார் என்பது எந்த மனிதருக்கும் தெரியாமலே போய்ச் சேரும் விஷயம். அதை அவளுக்கு உயிரோடு காட்டிக் கொடுத்தவன் நான்.

வேன் போய்விட்டது. முதலாளி மன்னிப்புக் கேட்டுக் கொடிகளை அவிழ்த்தார். மன்னிப்புக் கேட்க வேண்டிய நான் பக்கத்தில் நின்று கயிற்றைச் சுற்றிக் கொடுத்தேன்.

"போன் சார்ஜ் ஆயிருச்சா தம்பி? எங்கண்ணனுக்கு அனுப்புனத காட்டு."

"சிக்னல் சரியில்லண்ணி. போகாமக்கூட இருந்திருக்கலாம்."

"காட்டு."

இரண்டு கோடுகளும் நீலமாக இருந்தன. அதன் பொருள் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"காலையிலேயே பாத்திருக்காரு," என்றாள்.

உள்ளே போய் முகம் கழுவி, நல்ல சேலை கட்டி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"எடு. கலர்ல எடு. பின்னால லயம் முழுசா தெரியணும்."

எடுத்தேன். "கீழ என்ன எழுத அண்ணி?"

"தங்கச்சி உசிரோட இருக்கேன், லயத்துலதான் இருக்கேன்னு எழுது."

அவள் சொன்னபடியே எழுதி, வளைவு வரைக்கும் நடந்து போய் அனுப்பி, கோடுகள் நீலமாகும்வரை நின்றுவிட்டு வந்தேன். திரும்பியபோது அவள் அடுப்புக்கு விறகு முறித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டாரா?"

"பாத்துட்டாரு."

"சரி."

போன் அடிக்கவில்லை. இன்றுவரை அடிக்கவில்லை. அவள் என்னைக் கடந்து போகும்போது நான் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறேன்.