தொண்டை கட்டும் ஞாயிறு

மைக்கில் விரலால் இரண்டு தட்டு. பிறகு ஓர் ஊதல். அதன் பின் பேருந்து நிலையம் முழுக்க டைம்கீப்பர் அக்காவின் குரல்: “பதினாலு, வண்டிய எடுக்கிறியா, இல்ல அதத் தாலாட்டித் தூங்க வைக்கிறியா?” இது அச்சில் ஏறத் தகுந்த வகைத் திட்டு. மற்றவற்றைப் பத்திரிகையின் நலன் கருதி விட்டுவிடுகிறேன்.

இதே குரல்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வேதபாடம் வாசிக்கிறது. தீர்க்கதரிசிகள் ராஜாக்களை வறுத்தெடுக்கும் பகுதி என்றால் அக்காவுக்குக் கொண்டாட்டம். கேட்பவர்களுக்கோ, ஏதோ தாங்களே பேருந்தைத் தாமதப்படுத்திவிட்டது போல முதுகு நிமிர்ந்துவிடும்.

ஆனால் ஏசாயா தீர்க்கதரிசி ஆலயத்தில் ஆண்டவரைக் கண்ட அதிகாரம் வருகிற ஞாயிறு மட்டும் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று ஒரு பேச்சு. ஆண்டுக்கு ஒரு முறை, ஒன்பது ஆண்டுகளாக. வாயில் நுழையாத சொல் ஏதோ அதில் இருக்கிறது என்றார் ஒருவர். போதகரோடு மனஸ்தாபம் என்றார் இன்னொருவர். இரண்டுமே அளவுக்கு மீறிச் சுவையாக இருந்ததால் சந்தேகம் வந்து, நேரில் கேட்கப் போனேன்.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. “தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாய்தான் சரியில்ல.” ஏட்டில் ஒரு வண்டியின் நேரத்தைக் குறித்துவிட்டுத் தொடர்ந்தார்: “நெருப்பா நிக்கிற தூதருங்களே அவரப் பாக்க முடியாம செட்டையால மூஞ்சிய மூடிக்கிறாங்க. தீர்க்கதரிசியே, ஐயோ என் உதடு அசுத்தம்னு அலறுறாரு. அவர் என்ன டிரைவரையா திட்டினாரு? இந்த வாய வச்சுக்கிட்டு நான் அங்க எப்படிப் போய் நிக்கிறது?”

இந்த ஆண்டு தப்பிக்க வழியில்லை. மாற்றாக வாசிக்கும் தையற்கடைக்காரருக்குக் கண் அறுவை சிகிச்சை. நீங்கள்தான் வாசிக்க வேண்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். அக்காவும் முடிவெடுத்தார்: ஆறு நாளைக்கு ஒரு கெட்ட வார்த்தை கூடாது.

திங்கட்கிழமை ஒலிபெருக்கியில் “ஓட்டுநர் தயவுசெய்து புறப்படவும்” என்று வந்ததும் ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருவரும் புறப்படவில்லை. செவ்வாய்க்கிழமை, அக்காவுக்கு உடம்புக்கு என்ன என்று அவருடைய வீட்டுக்காரருக்குப் போன் போனது. எலக்ட்ரீஷியனான அவர், “வீட்லயும் சத்தம் இல்லப்பா. கரண்ட் போன மாதிரி இருக்கு” என்றார். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாத் தடங்களும் கால் மணி நேரம் பிந்தின.

சனிக்கிழமை மாலை பதினாலாம் நம்பர் பேருந்து பின்னோக்கி வந்தது. பின்சக்கரத்துக்கு நேரே ஒரு பெண் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். தட்டும் இல்லை, ஊதலும் இல்லை. ஒலிபெருக்கியில் ஒரே ஒரு வார்த்தை வெடித்தது. ஓட்டுநரின் தாயையும் அது விட்டுவைக்கவில்லை. பேருந்து குலுங்கி நின்றது. அந்தப் பெண்ணுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

அக்கா தன் அறையிலிருந்து இறங்கிப் போய் ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டார். ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “அந்த வார்த்தைக்குத்தாங்க்கா என் கால் பிரேக்குல விழுந்துச்சு. தயவுசெய்துன்னு சொல்லியிருந்தா நான் இந்நேரம் ஜெயில்ல இருப்பேன். உங்க மன்னிப்ப நான் வாங்க மாட்டேன். எங்கம்மாவக் கேட்டாலும் இதத்தான் சொல்லும்.”

“நீ வாங்கினாத்தாண்டா நாளைக்கு நான் வாசிக்க முடியும்.”

“நீங்க வாசிங்க. நானும் வர்றேன்.”

ஞாயிறன்று அக்கா மைக்கைத் தட்டவில்லை. வாசிப்பில் சிங்காசனம் வந்தது, ஆலயத்தை நிறைத்த அங்கி வந்தது, முகம் மூடிய தூதர்கள் வந்தார்கள், அவர்கள் குரலில் வாசல் நிலைகள் அதிர்ந்தன, புகை சூழ்ந்தது. பேருந்து நிலையத்தையே அடக்கும் குரல் வரிக்கு வரி ஒரு படி இறங்கியது. கடைசி வரிசைக்காரர்கள் முன்னால் சாய்ந்தார்கள். தீர்க்கதரிசி தன் உதடுகளைச் சொல்லி அழும் இடம் வந்ததும் அக்கா மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். வாய் மட்டும் அசைந்தது. அந்த வரியைக் கேட்க வேண்டியவருக்கு மைக் தேவையில்லை.

அடுத்த வரியில் தூதர் தணலைக் கொண்டுவந்து தீர்க்கதரிசியின் வாயைத் தொடுவார்; குற்றம் நீங்கும். அக்கா நிமிர்ந்து, நான்காவது வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்த பதினாலின் ஓட்டுநரைப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டே, மன்னிப்பை வாங்க முடியாது என்று தலையை ஆட்டினார். அக்கா மீதியை வாசிக்காமல், அந்தப் பக்கத்திலேயே நாடாவை வைத்துப் புத்தகத்தை மூடி, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியபடி படியிறங்கினார்.