அடுத்தவர் பாட்டன் நிலம்

செத்தவர்களுக்காக வேலை பார்த்தால் திட்டு கிடையாது என்று நினைத்திருந்தேன். அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் உண்டு என்பதை மறந்துவிட்டேன். பழைய நிலப் பதிவுகளில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

அமெரிக்காவில், டெக்சஸின் ரவுண்ட் ராக் பக்கம் ஒரு வம்சாவளி ஆய்வு மையத்தில் நான் சம்பளமில்லாத் தொண்டன். அப்பாவின் விசாவில் ஒட்டிக்கொண்டிருப்பவன் சம்பளம் வாங்கக் கூடாது. எனக்கு இருபத்தொன்று ஆவதற்குள் அவருக்கு கிரீன் கார்டு வராவிட்டால், ஒட்டியது உரிந்துவிடும், நான் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இப்போது பதினெட்டு.

பெரிய ஏக்கர்காரர்

மையத்துக்கு வந்த உள்ளூர் வெள்ளைக்காரர் ஹாங்க் அங்கிளுக்கு 'ஆதி டெக்சஸ் குடும்பம்' என்று சர்டிபிகேட் வேண்டும். அவர் பேசுவது இங்கிலீஷ்தான், அதை நான் நடித்துக் காட்டினால் எங்கள் மதுரைப் பெரியப்பா தமிழாகிவிடும். பதிவில் தன் பாட்டனுக்குப் பாட்டன் பெயரிலேயே பலர் இருக்க, அதிக நிலம் வாங்கியவராகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார். "அங்கிள், அவர் கல்யாணமே பண்ணாமல் செத்துப் போனவர்" என்றேன்.

"அதனால என்னடா? ஆளு நல்ல ஆளுல்ல!"

கம்பெனிச் சீட்டு

நிஜப் பாட்டனைக் கண்டுபிடித்தேன். கிழக்கே ஒரு நிலக் கம்பெனி விற்ற சீட்டை வாங்கியவர். அது பத்திரமே இல்லை. இங்கே வந்து நிலம் கேட்கலாம் என்கிற துண்டுக் காகிதம். பத்திரம் என்று நம்பிக் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார். டெக்சஸ் அன்று மெக்சிகோவின் கையில்; அந்த அரசு சீட்டு செல்லாது என்றது. மனிதர் போகவில்லை. குடிசை போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆட்சி மாறியது, இருந்தவர் பெயருக்கே நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கிள் முகம் தொங்கும் என்று ஆசையாக வாசித்துக் காட்டினேன். மேஜையை ஓங்கித் தட்டினார்.

"பேப்பர் கிடக்குது கழுத! நகராம நின்னாருல்ல, அதான்டா தகுதி!"

அதே குரல்

அந்தக் குரலைச் சும்மா விடலாமா? அப்பாவின் ஆபீசுக்கு போன் போட்டு, ஹாங்க் அங்கிளின் அடித்தொண்டையில், "குடியேற்றத் துறை பேசுகிறோம், நகராமல் நின்றதற்காக உங்களுக்கு கிரீன் கார்டு" என்றேன். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். எழுந்து நின்றுவிட்டார் போல. "யெஸ் சார்… தாங்க்யூ சார்… பையனுக்கும் சேர்த்துத்தானே சார்?"

"அப்பா, நான்தான்" என்றேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"யார் குரல்ல வேணா பேசு. அவங்க குரல்ல மட்டும் பேசாதடா."

சர்டிபிகேட் விருந்து

சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டி, ஹாங்க் அங்கிள் வீட்டில் பார்பிக்யூ. நீ எப்போது இந்த ஊருக்கு வந்தாய் என்று கேட்டார். மூன்று வயதில் என்றேன். இருபத்தொன்றில் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். தோளில் ஒரு அடி விழுந்தது.

"நீயும் டெக்சஸ்காரன்தான்டா! உன்னைப் போய் யாரு வெளியே போகச் சொல்லப் போறா?"

பேப்பர் இல்லாமல் நின்றவருக்கு இருநூறு வருஷப் பெருமையைத் தேடிக் கொடுத்த எனக்கு, எல்லாப் பேப்பரும் இருந்தும் இன்னும் மூன்று வருஷம்தான்.