சுவரோடு நடந்த சாடைச் சண்டை

என் குரல் பெரிது என்று மற்றவர்கள் சொன்னதை நான் வெகுகாலம் நம்பவில்லை. தம்பலகாமத்தில் வயல் செய்கிறவனுக்கு உழவு இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலால் பேசித்தான் பழக்கம். இயந்திரம் நின்றுவிடும், தொண்டை நிற்காது. வீட்டில் நான் தண்ணீர் கேட்டால் பக்கத்து வளவுக்காரர் செம்போடு வந்து நிற்பார் என்று என் மனைவி சொல்வாள். அதை நான் பகிடி என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். அது பகிடியில்லை என்று விளங்கியது இந்த வருடம் சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, திருகோணமலையில் நாங்கள் ஒரு ஹோட்டலில் தங்கியபோதுதான்.

வீட்டிலிருந்து எங்கள் வான் வண்டியில் ஏறினால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் வந்துவிடுகிற தூரத்தில் ஹோட்டல் எதற்கு என்று ஊரில் கேட்டார்கள். காரணம் யானை. மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருந்தது. மாப்பிள்ளை பகுதி வவுனியா. காலைப் பூசை நேரம் கோணேசர் கோயிலில் இரண்டு பகுதியும் சந்திப்பதாகத் தரகர் ஒழுங்கு செய்திருந்தார். விடியற்காலையில் எங்கள் வீதியில் யானை ஏறி நின்றால் அது இறங்கும்வரைக்கும் ஒருவரும் அசைய முடியாது. முந்தி ஒருமுறை அப்படி மறிபட்டு ஒரு சொந்தக்காரரின் தாலிகட்டுக்கே போய்ச் சேராமல் விட்டவர்கள் நாங்கள். அந்த வீட்டார் இன்னும் யானையை நம்பவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடமும் போய் யானைக் கதை சொல்ல முடியுமா? அதனால் முதல் நாளே போய்த் தங்குவதென்று முடிவெடுத்தேன். இதையெல்லாம் முடிவெடுப்பது எப்போதும் நான்தான்.

கோயிலில் சந்திப்பதை 'தற்செயல்' என்று சொல்லவேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். இரண்டு குடும்பமும் சாமி கும்பிட வந்த இடத்தில் தற்செயலாகக் கண்டுகொள்ளும், அர்ச்சனைத் தட்டோடு இரண்டு வார்த்தை பேசும், பிடித்தால் பேச்சு வளரும், பிடிக்காவிட்டால் சாமியைத்தானே பார்க்கப் போனோம் என்று வீட்டுக்கு வந்துவிடலாம். ஒருவருக்கும் வெட்கமில்லை. மாப்பிள்ளையின் தகப்பனோடு நான் ஒருமுறை தொலைபேசியில் பேசியிருந்தேன். வெகுநேரம் பேசினேன். அவர் "ஓம்" என்றார், பிறகும் "ஓம்" என்றார். நல்ல மனிசன் என்று தொலைபேசியை வைத்தவுடன் மனைவிக்குச் சொன்னேன்.

உட்துறைமுகப் பக்கம் இருந்த அந்த ஹோட்டலையும் தரகர்தான் சொன்னார். அறை நல்ல துப்புரவு. ஜன்னலைத் திறந்தால் துறைமுகமும் நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களும் தெரிந்தன. மகள் ஜன்னலோரம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்குப் படிப்பிக்கிறாள். வீட்டில் அதிகம் பேசமாட்டாள். அடக்கமான பிள்ளை என்று நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிவேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்சம் கண்ணயரலாம் என்று சரிந்தபோது பக்கத்து அறைக்கு ஆட்கள் வந்தார்கள். முதலில் கதிரைகள் இழுபட்டன. பிறகு பிள்ளைகள் கட்டிலிலிருந்து நிலத்துக்குக் குதிக்கத் தொடங்கினார்கள். ரீவி போட்டார்கள். ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பு, அடுக்கிவைத்த பானை சட்டி சரிந்து விழுந்தது போலத் தொடங்கி, கடைசி மூடி உருண்டு ஓயும்வரைக்கும் போனது. அதற்குப் பிறகு கனடாவிலிருந்து யாரோ அழைக்க, அதை ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்தக் கனடாக்காரரின் மூட்டுவலி முழுவதும் எங்கள் அறைக்குள் வந்து இறங்கியது. வலது முழங்கால்தான் மோசமாம்.

நான் பொறுமைசாலி. இதைச் சொல்லும்போது மனைவி என்னைப் பார்க்கும் பார்வையை இங்கே எழுத முடியாது. எழுந்து கீழே போய் வரவேற்பில் இருந்த பெண்ணிடம், மேலே சந்தை கூடியிருக்கிறது என்று முறையிட்டேன். அவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அந்த அறையிலிருந்தும் இப்போதுதான் அழைத்தார்கள் ஐயா, உங்கள் அறையில் யாரோ சண்டை பிடிக்கிறார்களாம், ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார்கள் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டையா? வானை நிழலில் விட்டேனா இல்லையா என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மேலே வந்ததும் சாடையைத் தொடங்கினேன். நேரே போய்க் கதவைத் தட்டி, கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கோ என்று சொன்னால் விசயம் முடிந்துவிடும். நாங்கள் அப்படிச் செய்கிற ஆட்களில்லை. சொல்லவேண்டியதைச் சொந்த மனைவிக்குச் சொல்வதுபோல, ஆனால் அயலுக்குக் கேட்கும்படி சொல்லவேண்டும். அதுதான் சாடை. யாரும் யாரையும் ஏசியதாக ஆகாது, ஆனால் ஏச்சு போய்ச் சேர்ந்துவிடும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இதில் நான் பேரெடுத்தவன். சுவர் எம்மட்டு?

"இஞ்சரும், சில சனத்துக்கு வீடும் ஒண்டுதான், ஹோட்டலும் ஒண்டுதான், மாட்டுப்பட்டியும் ஒண்டுதான்" என்று சுவரைப் பார்த்து மனைவிக்குச் சொன்னேன். மனைவி பாவம், தலையணையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் ரீவியின் சத்தம் குறைந்தது. பிறகு அந்தச் சிரிப்புக்காரியின் குரல், தன் வீட்டு யாரிடமோ சொல்வதுபோல வந்தது. "பாவமப்பா, சிலபேருக்கு வீட்டிலை கேக்க ஆளில்லாமல் சுவரோடை கதைக்கினம்."

பாம்பின் கால் பாம்பறியும். எனக்குச் சமமான ஆள் என்று அப்போதே தெரிந்தது. பிறகு பின்னேரம் முழுவதும் அதே வேலை. நான் வளர்ப்பைப் பற்றிச் சொன்னேன், அவள் வயதைப் பற்றிச் சொன்னாள். நான் படிப்பைப் பற்றிச் சொன்னேன், அவள் தொண்டைக்கு நல்ல மருந்து ஒன்றைப் பற்றிச் சொன்னாள். இடையில் மகள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பி "அப்பா" என்றாள். எனக்கு அந்த நேரம் நல்லதொரு பதில் வாய்நுனியில் நின்றது. "பொறு பிள்ளை" என்றேன். அவள் திரும்பவும் கப்பலைப் பார்க்கப் போய்விட்டாள்.

பிறகு மனைவி, சண்டை காணும், விடுங்கோ, நாளைக்கு அங்கே என்ன பேசுவது என்று யோசியுங்கோ என்றாள். அது ஞாயமாகப் பட்டது. அறைக்குள் அங்குமிங்கும் நடந்து, நாளைக்குப் பேசவேண்டியதைப் பேசிப் பார்க்கத் தொடங்கினேன். வவுனியாவிலிருந்து வருகிற ஆட்களுக்குத் தம்பலகாமத்தைப் பற்றி எடுத்த எடுப்பில் என்ன சொல்வது, நெல்லில் தொடங்குவதா கோயிலில் தொடங்குவதா என்று மனைவியைக் கேட்டேன்.

பக்கத்து அறை சட்டென்று அடங்கிவிட்டது. ரீவி நின்றது. பிள்ளைகள் குதிக்கவில்லை. கனடாவை வைத்துவிட்டார்கள். ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். வென்றுவிட்டேன் என்று அர்த்தம்.

வென்றவனுக்கு வரும் தெம்போடு ஒத்திகையைத் தொடர்ந்தேன். மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்ததில் எனக்கிருந்த ஒரே குறையையும் சொன்னேன். பெடியன் சரியான மெலிவு, பரவாயில்லை, எங்கள் வயல் அரிசியைத் தின்றால் தேறிவிடுவார். பிறகு முக்கியமான வசனத்துக்கு வந்தேன். "எங்கட பிள்ளைக்கு இதிலை நல்ல விருப்பம். அவள் வாய் திறந்து சொல்லமாட்டாள், நாங்கள் சொன்னால் சரி எண்டிடுவாள்." இதைக் கனிவாக ஒருமுறை, கம்பீரமாக ஒருமுறை என்று பல மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். கம்பீரம்தான் நன்றாக இருந்தது.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்று சொல்லிவைத்தவர்கள் ஹோட்டல் சுவரைத் தட்டிப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் காலை கோட்டை வாசலுக்குள்ளால் வானை விட்டு, உள்ளே திரியும் மான்களை விலக்கிக்கொண்டு கோயிலடிக்குப் போனோம். மகள் கத்தரிப்பூ நிறச் சேலையில் அழகாக இருந்தாள். அதை அவளிடம் சொல்ல நினைத்து, நினைப்போடு விட்டுவிட்டேன். செருப்பைக் கழற்றும்போது அர்ச்சனைத் தட்டை எங்கே வைத்தாய் என்று மனைவியைக் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு கூட்டம் அப்படியே நின்று திரும்பியது. அதில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். பானை சட்டி சரிந்து, மூடி உருண்டது.

அவளுக்குப் பக்கத்தில் நின்ற தரகர் கையைக் கூப்பிக்கொண்டு ஓடிவந்து, ஆ, நீங்களும் இன்றைக்குத்தான் கோயிலுக்கு வந்தீர்களா, என்ன தற்செயல், இவைதான் வவுனியாப் பகுதி என்று தன் நாடகத்தைச் சரியாகத் தொடங்கினார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவர்களும் முதல் நாளே வந்து தங்குவதென்று முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த ஹோட்டலை அவர்களுக்கும் இதே மனிசன்தான் சொல்லியிருக்கிறார். தவளை தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே காத்திருந்த பழமொழி. ஆனால் அந்த நேரம் நான் என்னை நினைக்கவில்லை. மகளின் காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அந்தப் பச்சைச் சேலைக்காரிதான் மாப்பிள்ளையின் தாய். கிட்ட வந்தாள். ஒத்திகை பார்த்த வசனங்களில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. அவள்தான் தொடங்கினாள். நேற்றுத் தம்பலகாமம் என்று என் வாயிலிருந்து வந்ததுமே தங்களுக்கு ஆள் விளங்கிவிட்டதாம். உடனே பிள்ளைகளின் வாயைப் பொத்தி, ரீவியை நிறுத்தி, எல்லாருமாகச் சுவரோடு காதை வைத்திருந்தார்களாம். என் வெற்றி அதுதான்.

"பெடியன் மெலிவுதான் அண்ணை, அரிசி அனுப்புங்கோ" என்றாள். தரகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவள் சிரிப்பை விட்டுவிட்டு, முதன்முதலாகச் சத்தத்தைக் குறைத்துச் சொன்னாள். "பிள்ளைக்கு விருப்பம் எண்டு நீங்கள் எத்தினை தரம் சொல்லிப் பார்த்தனீங்கள். எல்லாம் கேட்டது. பிள்ளையின்ரை குரல் மட்டும் ஒருக்காலும் கேக்கேல்லை. உண்மையா அவவுக்கு விருப்பமோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்பதே அப்போதுதான் தெரிந்தது. படம் வந்த அன்று அதை மேசையில் வைத்தேன், அவள் பார்த்தாள், எடுத்து அலுமாரியில் வைத்தேன். கேட்டேனா? மனைவியைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"நான் அவரோடை தனியக் கதைக்கவேணும்" என்று மகள் சொன்னாள். நேரே, மாப்பிள்ளையின் தாயின் முகத்தைப் பார்த்து, வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற தெளிவோடு சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்கள் காதுக்கு எட்டாத தூரத்திலை நிக்கவேணும்" என்றாள்.

தாய்க்காரி மறுபடி சிரிக்க வாயெடுத்தாள். அவளுக்குப் பின்னால், இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து வந்து கண் சிவந்து நின்ற அந்த மெலிந்த பெடியன், "அம்மா, நீங்களும்" என்றான். அவன் பேசி நாங்கள் கேட்ட முதல் சொல் அது.

ஆக நாங்கள் இரண்டு வாய்க்காரரும் ஒரே மர நிழலுக்கு அனுப்பப்பட்டோம். பிறகு அவள் தன் மருந்தைப் பற்றிச் சொன்னாள், தேனும் இஞ்சியும், தொண்டைக்கு உண்மையாகவே நல்லதாம். எங்களோடு வந்து நின்ற தகப்பன்காரர் என்னிடம் கச்சான் கடலைப் பையை நீட்டினார். நான் நன்றி சொன்னேன். அவர் "ஓம்" என்றார். தூரத்தில் மதிலோரம் எங்கள் பிள்ளைகள் இருவரும் கடலைப் பார்த்தபடி பேசிக்கொண்டு நின்றார்கள். மகள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அவளுக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. காதை வைக்க அங்கே சுவர் ஒன்றும் இல்லை.

பின்னேரம் வீட்டுக்கு வெளிக்கிட்டோம். என்ன முடிவு என்று கேட்க வழியெல்லாம் நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். ஊர் கிட்டியபோது, முன்னால் வாகனங்கள் நின்றன. வீதியின் நடுவில் ஒரு தனியன் யானை நின்று கொப்பு முறித்துக்கொண்டிருந்தது. நானும் வானை நிறுத்தினேன், எஞ்சினை அணைக்கவில்லை. இனி அது போகும்வரைக்கும் இருக்கவேண்டியதுதான்.

கண்ணாடியில் மகளைப் பார்த்தேன். "நேற்றுப் பின்னேரம் என்னவோ சொல்ல வந்தனீ. என்ன பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு விருப்பமோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது எண்டு சொல்ல வந்தனான்" என்றாள்.

அவனுக்கும் அதே கதையாம். அவனுக்கு நல்ல விருப்பம் என்று அவனுக்கும் வீட்டில்தான் சொன்னார்களாம். கொஞ்ச நாள் தொலைபேசியில் பேசிப் பார்த்துவிட்டு, ஓம் என்றாலும் இல்லை என்றாலும் தாங்களே சொல்வதாக ஒத்துக்கொண்டார்களாம். அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. எதற்குப் பயம், எது பிடிக்கும், பாலம் கடந்து தினமும் போகிற பள்ளிக்கூடத்தை விட்டுப் போக ஏன் மனமில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் குரல் சின்னது. எங்கள் பழைய வானின் இரைச்சலில் பாதி எனக்கு எட்டவில்லை.

நான் எஞ்சினை நிறுத்தினேன்.

மனைவி பதறிப்போனாள். "என்ன செய்யிறியள்? யானை இஞ்சாலை வந்தால் திருப்ப ஏலுமோ?"

"பிள்ளை கதைக்கிறது கேக்கேல்லை" என்றேன்.

யானை அவசரப்படாமல் கொப்பைத் தின்றது. மகள் பேசிக்கொண்டேயிருந்தாள். நான் சாவியில் கையை வைத்தபடி, வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.