கால் வளையம்

காடு, களப்பு, பாம்பு, பறவை என்று தொலைக்காட்சிக்காக அலைபவன் நான். போர் முடிந்ததும் வெளிநாட்டுப் பறவைகளைப் படம்பிடிக்கக் கிழக்குக் கரையிலுள்ள வாகரைக் களப்புக்குப் போனேன்.

தோணி ஓட்டிவந்த அண்ணன், சேற்றில் நின்ற உள்ளான் குருவியின் காலில் ஏதோ மின்னுவதைக் கண்டார்.

"அதென்ன தம்பி?"

"வளையம் அண்ணன். பறவை ஆராய்ச்சிக்காரர் இலக்கம் போட்டு மாட்டிவிடுறது. எந்த நாட்டில பிடிபட்டாலும், எங்கட பறவையெண்டு அதை வச்சுக் கண்டுபிடிச்சிருவாங்க."

"செத்துக் கரையொதுங்கினாலுமா?"

"ஓம்."

அவர் துடுப்பை மடியில் வைத்தார்.

"சுனாமியண்டு என்ட மகள்ட காலிலயும் கொலுசு கிடந்தது. இன்னும் ஒருத்தரும் கண்டுபிடிச்சுச் சொல்லயில்ல."

உள்ளான் எழுந்து பறந்தது. அது மறைந்த பிறகும் அந்தத் திசையையே பார்த்திருந்தார்.

'இந்தப் பறவை தவறாமல் திரும்பி வரும்' என்று கமரா முன்னால் சொல்ல இன்றைக்கும் எனக்கு நா எழுவதில்லை.