ஊற்றடி மணலுடன் டிரெஸ்டனுக்கு

கடந்த நவம்பரில் ஹனோவரிலிருந்து டிரெஸ்டனுக்கு ஒரு நாள் பயணம் போய்வந்தேன். அரண்மனையைப் பார்த்தீர்களா என்று பலரும் கேட்கிறார்கள். பார்க்கவில்லை. ஆஸ்திரேலியாவின் ஒரு கடற்கரைப் புறநகரிலிருந்து நான் எடுத்துவந்த மணலை, அதற்கு உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்தப் புறநகருக்குப் போக நினைப்பவர்களும், அதன் கதையை ஜெர்மனியிலேயே தேட நினைப்பவர்களும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். எனக்குப் பெருமை தரும் பயணம் அல்ல.

என் மகன் அடிலெயிட்டில் இருக்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன், என் கணவரை ஹனோவரில் அடக்கம் செய்த கையோடு, மூன்று மாதம் அவனிடம் போய் இருந்தேன். அவன் வீடு கிங்ஸ்டன் பார்க் என்ற சிறிய புறநகரில், நகர மையத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றரில். ஒரு பக்கம் செங்குத்தான கரை, கீழே கடல். கரவன் வீட்டு வண்டிகளை நிறுத்திவைத்து விடுமுறை கழிக்கும் இடம், நாய்களோடு நடப்பவர்கள், சாம்பல் நிறத்தில் புது வீடுகள். கரையின் அடியில் ஒரு நன்னீர் ஊற்று. கடலுக்கு அத்தனை அருகில் உப்பில்லாத தண்ணீர்.

வெள்ளையர் வந்து நிலம் அளக்கும் முன் அந்தக் கரையெல்லாம் கவுர்னா மக்களுடையது. பெரியம்மை முதலில் வந்தது, பிறகு அளவுச் சங்கிலி, பிறகு வேலி. மிஞ்சியவர்களை அங்குமிங்கும் ஒதுக்கினார்கள். ஆனால் அந்த மக்களின் வழிவந்தவர்கள் இன்றும் அடிலெயிட்டில் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை அவர்களில் ஒருவர் எங்கள் சிறு குழுவை ஊற்றடிக்குக் கூட்டிப்போய்க் கதை சொன்னார். ஜில்புருக்கி என்ற முன்னோர், கொலையுண்ட தன் சகோதரி மகனின் உடலைச் சுமந்துகொண்டு அந்தக் கடலோரமாகத் தெற்கே நடந்தாராம். இறக்கிவைத்து அழுத இடமெல்லாம் ஊற்றாயிற்றாம். அப்படி அழுத இடங்களில் ஒன்று இது.

தொடங்கும்போதே அவர் சொன்னார், இங்கிருந்து எதையும் எடுக்காதீர்கள் என்று. தெளிவாகச் சொன்னார். நானும் தெளிவாகக் கேட்டேன். அது சுற்றுலாக்காரர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். நான் துக்கத்தில் இருப்பவள் அல்லவா?

மன்னாரில் மடுமாதா கோயிலுக்குப் போகும் எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கோயில் மண்ணில் ஒரு பிடியைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு வருவோம். பாம்புக்கடிக்கு மருந்து என்பார்கள். வீட்டில் வைத்தால் காவல் என்பார்கள். அந்த மண்ணை எவரும் தடுத்ததில்லை, தாயின் மண் பிள்ளைகளுக்கு. புனிதமான இடத்தைக் கண்டால் குனிந்து மண் எடுப்பது என் கைக்குப் பழகிய வேலை. குழு போனபின் ஊற்றுக்குக் கீழே ஈர மணலை ஒரு ஜாம் போத்தல் நிறைய அள்ளினேன். விமான நிலையத்தில் எவரும் கேட்கவில்லை. ஹனோவருக்கு வந்த மறுநாளே பாதியைக் கணவரின் கல்லறையில் தூவினேன். மீதி வீட்டில் மாதா சுரூபத்தின் அருகில் இருந்தது.

பிறகு அது உறுத்தத் தொடங்கியது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியார், "மணல்தானே அம்மா" என்று மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆனால் நான் யாழ்ப்பாணத்தில் கன்னியர்மடத்தில் படித்தவள். எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பு முழுமையாகாது என்பது எங்களுக்கு எட்டு வயதில் மனப்பாடம். சுவாமியார் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

அக்டோபரில் மகன் ஒரு செய்தி அனுப்பினான். டிரெஸ்டனில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கவுர்னா மக்கள் சிலர் வருகிறார்கள், பொதுமக்களும் வரலாம் என்று. ஏன் டிரெஸ்டன்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டிரெஸ்டன் மிஷன் சபை அடிலெயிட்டுக்கு இரண்டு ஜெர்மன் போதகர்களை அனுப்பியது. அவர்கள் கவுர்னா மொழியைக் கற்று, சொற்பட்டியலும் இலக்கணமும் எழுதி, அந்த மொழியிலேயே பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். அரசு சில ஆண்டுகளில் அதை மூடி, இனி ஆங்கிலத்தில் மட்டும் என்றது. அந்தத் தாள்களை வைத்துத்தான் இன்று அந்த மக்கள் தங்கள் மொழியை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். கன்னியர்மடத்தில் தமிழில் பேசினால் ஐந்து சதம் தண்டம். நான் ஒருநாளும் கட்டியதில்லை என்று எழுபது ஆண்டுகளாகப் பெருமை பேசியிருக்கிறேன். அந்தக் கவுர்னாப் பள்ளியின் கதையைப் படித்தபின் பேசுவதில்லை.

இனி பயணம். காலை 8.36க்கு ஹனோவரில் ஏறினோம். நேரடி ரயில், லைப்சிக் வழியாக, நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். முன்கூட்டி வாங்கியதால் ஆளுக்கு 27.90 யூரோ. வெளியே மூடுபனி. வயல்களும் காற்றாலைகளும் இடுப்புக்கு மேல் தெரியவில்லை. துணைக்கு வந்தவள் பிலோமினா, என் கணவரின் தங்கை. அவளுக்கு எழுபத்திரண்டு, எனக்கு எழுபத்தேழு.

மக்டபர்க் தாண்டியதும் போத்தலை எடுத்துப் பார்த்தேன். அவள் கண் அதில்தான்.

"என்ன மச்சாள், போத்தல் நிறைஞ்சு கிடக்கு? பாதியெல்லோ இருந்தது?"

முந்தைய நாள் கல்லறைக்குப் போய்க் கிடைத்ததைத் திரும்ப எடுத்தேன் என்றேன்.

"எதாலை எடுத்தனீங்கள்?"

"தேக்கரண்டியாலை."

"ஐயோ! என்ரை அண்ணைக்கு மேலை கரண்டி போட்டுக் கிண்டினனீங்களோ? அவர் உயிரோடை இருக்கேக்கை கிண்டினது காணாதே?"

முன்னால் இருந்த ஜெர்மன்காரர் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார்.

"மெதுவாய்க் கதை."

"அந்தாளுக்குத் தமிழ் தெரியுமோ? மச்சாள், இரண்டு வருச மழை. அதிலை எது ஆஸ்திரேலியா, எது ஹனோவர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் இருந்தது வெளிறிய மணல், மேலே கறுத்த மண், அதில் ஒரு புல் வேர். அரைகுறையாகக் கொடுக்கக் கூடாது என்று செய்த வேலை, உள்ளதையும் கெடுத்துவிட்டது.

ரயில் 25 நிமிடம் தாமதம். பிலோமினாவின் முழங்காலுக்காக நிலையத்திலிருந்து டாக்ஸி எடுத்தோம். எல்பே ஆற்றைக் கடந்து 2.8 கிலோமீற்றர், 13.60 யூரோ. நடக்க முடிந்தவர்கள் ட்ராமில் போகலாம். அருங்காட்சியகத்துக்கு அன்று அனுமதி இலவசம். மேலங்கியையும் பையையும் கீழே பெட்டியில் பூட்ட வேண்டும், அதற்கு ஒரு யூரோ நாணயம் தேவை. போத்தலை என் கம்பளிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மேல்மாடியில் ஓர் அறை, விளக்கு மங்கல். மேசை மேல் வெள்ளைத் துணியில் மூன்று பொருட்கள்: ஒரு வலைத் துண்டு, ஒரு கேடயம், ஈட்டியை எறிய உதவும் ஒரு கட்டை. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டை, அட்டையில் இலக்கம். கவுர்னா விருந்தினர் நான்கு பேரும் அதைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருவர் கேடயத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் நின்றார். அந்த நிற்றலை நான் அறிவேன். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் என் கணவரின் உடல் முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன்.

அருங்காட்சியகத்தில் பொருட்களைப் பேணும் பணியில் இருப்பவர் சுகந்தி, கோயம்புத்தூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். தமிழ் கேட்டதும் ஓடி வந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"ஐயோ ஆன்ட்டி, மண்ணை ஆஸ்திரேலியாக்குள்ள அலவ் பண்ணவே மாட்டாங்களே. பயோசெக்யூரிட்டி ரொம்ப ஸ்ட்ரிக்ட். ஏர்போர்ட்லயே எடுத்து டிஸ்ட்ராய் பண்ணிடுவாங்க."

இதை நான் விசாரித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு தரம் விசாரிப்பவள் நான். அந்த மண்ணை வெளியே கொண்டுவர எவரும் தடுக்கவில்லை. உள்ளே போகத்தான் வழியில்லை.

என்னை ஆன்ட்டி என்று அழைப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் அங்கு எல்லோரும் விருந்தினர் குழுவின் மூத்த பெண்மணியையும் ஆன்ட்டி என்றே அழைத்தார்கள். கவுர்னா மக்களிடையே அது மூத்தவர்களுக்குத் தரும் பட்டம் என்று சுகந்தி சொன்னார். அந்தப் பெண்மணிக்கு என் வயது. கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, தேநீர்க் கோப்பையில் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். போத்தலை அவர் முன் வைத்து, ஊற்றடி மணல் என்றேன். நாங்கள் ஆங்கிலத்தில் பேசினோம், இங்கே தமிழில் தருகிறேன்.

"எங்கே எடுத்தீர்கள்?"

"ஊற்றுக்குக் கீழே. வலப்பக்கம்."

"எடுக்க வேண்டாமென்று சொல்லவில்லையா?"

"சொன்னார்கள். எனக்கில்லை என்று நினைத்தேன்."

அவர் சிரித்தார். "அந்த மேசையில் இருப்பதை எடுத்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்."

மன்னிப்புக் கேட்டேன். எப்போது கடைசியாகக் கேட்டேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கொண்டுபோக முடியாது. திரும்பும்போது என் சப்பாத்தின் அடியைக்கூடக் கழுவச் சொல்வார்கள். இந்தக் கறுப்பு மண் எது?"

"என் கணவரின் கல்லறை மண். பாதியை அங்கே போட்டிருந்தேன்."

அவர் போத்தலை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "இவர்களிடம் கொடுக்காதீர்கள். இலக்கம் ஒட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். முழுவதையும் அவர் மேலேயே போடுங்கள். மழையாவது படட்டும்" என்றார். சுகந்தி தலை குனிந்துகொண்டார்.

நான் எழுந்தேன். அவர் உட்காரச் சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்தார். பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு. அதில் ஜெர்மன் ஊர்களின் பெயர்கள், ஒவ்வொன்றின் கீழும் கட்டடம், மாடி, அலமாரி, இலக்கம். தங்கள் பொருட்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்ற பட்டியல். புதுப் பக்கத்தில் 'ஹனோவர்' என்று எழுதி, "கல்லறைத் தோட்டத்தின் பெயர்?" என்று கேட்டார். சொன்னேன். பகுதி? வரிசை? இலக்கம்? ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

பிலோமினாவுக்கு ஆங்கிலம் அதிகம் வராது, ஆனால் இலக்கங்கள் புரியும்.

"மச்சாள், என்ரை அண்ணையின்ரை நம்பரை ஏன் குடுக்கிறியள்? அவர் என்ன களவெடுத்தவரோ?"

"நான் எடுத்தனான். வைச்சது அவரிலை."

"அந்த மனிசன் மற்றவையின்ரை ஒரு சதத்துக்கு ஆசைப்பட்டதோ? இந்தப் பட்டியலிலை அவரைப் போட ஏலாது எண்டு சொல்லுங்கோ!"

நான் சொல்லவில்லை. இங்கே கல்லறை நிலம் நிரந்தரமல்ல, இருபது ஆண்டுத் தவணை, அதன் பிறகு மேட்டைக் கலைத்துவிடுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்த ஆண்டையும் குறித்துக்கொண்டார்.

"தவணை முடிந்ததும் எங்களுக்கு எழுத வேண்டும்."

"அப்போது நான் இருக்கமாட்டேன்."

"நானும்தான்" என்று நோட்டை மூடினார். "அதனால்தான் எழுதி வைக்கிறேன்."

மாலை 5.10 ரயிலில் திரும்பினோம். பிலோமினா லைப்சிக் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு தன் பையிலிருந்த வடையில் ஒன்றை நீட்டினாள், முகத்தை ஜன்னலிலிருந்து திருப்பாமலே. மறுநாள் தூறலில் போத்தலைக் கல்லறையில் கவிழ்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: டிரெஸ்டனில் இத்தகைய சேகரிப்புகளைப் பார்க்க முன்பே எழுதி Termin, அதாவது பார்வை நேரம், எடுக்க வேண்டும், மூன்று வாரமாவது முன்னதாக. உள்ளே படம் எடுக்கக் கேட்காதீர்கள். நவம்பரில் நான்கரைக்கே இருட்டிவிடும், காலையில் போங்கள். கிங்ஸ்டன் பார்க்குக்கு அடிலெயிட்டிலிருந்து ரயில் உண்டு, மரினோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஊற்றடிக்கு அந்த மக்களில் ஒருவர் கூட்டிப்போகும்போது போங்கள், கதையைக் கேளுங்கள், கையைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் உங்களுக்கும்தான். துக்கத்தில் இருந்தாலும்தான்.

கல்லறைத் தவணை முடியும்போது எனக்குத் தொண்ணூற்றைந்து ஆகியிருக்கும். ஆகவே மகனுக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன்: அப்பாவின் மேல் இருப்பது நம்முடையதல்ல, அந்த ஆண்டு வந்ததும் நீதான் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றே பதில் வந்தது.

"சரி அம்மா. ஆனால் ஒரு பிடி மணல்தானே?"

ஊற்றடியில் போத்தலைத் திறந்தபோது நானும் எனக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டேன், ஏறக்குறைய இதே சொற்களில். இன்னும் அவனுக்குப் பதில் எழுதவில்லை.