நிற்க வைத்த பாட்டில்

ஜெரால்ட் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு வால்வு தொழிற்சாலையில் பதினேழு வருடமாக ஒப்பந்த ஃபிட்டர். அவன் அப்பா ஊத்துக்கோட்டைப் பக்கம் கூலிக்கு அறுப்பு அறுத்தவர். மகன் தொழிற்சாலைக்குள் நுழைந்ததையே போதுமென்று நினைத்துச் செத்துப்போனார். நிரந்தரத் தொழிலாளிக்கு நீலச் சட்டை, கம்பெனி பஸ். ஜெரால்டுக்குச் சாம்பல் சட்டை, ஷேர் ஆட்டோ. வேலை இருவருக்கும் ஒன்றுதான். நிரந்தரமாக்கப்படும் ஒன்பது பேரின் பட்டியலில் மேனேஜர் மணவாளன் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறார் என்றார்கள். அதற்கு முதல் நாள் ஞாயிறு மதியம் அவரைச் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். ஜெரால்டுக்கு வயது நாற்பத்து நாலு. இன்னொரு பட்டியல் வரும்போது அவனை யாரும் எடுக்கமாட்டார்கள்.

மணவாளன் ஒயின் மட்டும் எப்போதாவது குடிப்பார் என்று அவருடைய டிரைவர் சொல்லியிருந்தார். வீட்டில் ஒரு பாட்டில் இருந்தது, மூன்று வருடத்துக்கு முன் மெஷின் பொருத்த வந்த இத்தாலிக்காரர் கொடுத்துவிட்டுப் போனது. அதைக் கண்ணாடி அலமாரியில், பிள்ளைகள் வாங்கிய பரிசுக் கோப்பைகளுக்கு நடுவே, எல்லார் கண்ணிலும் படும்படி நிற்க வைத்திருந்தார்கள். மேலே சிமெண்ட் ஷீட் கூரை. மூன்று கோடையின் வெயிலும் அதன் வழியாகத்தான் இறங்கியது.

திறக்கும் முறையை ஒரு வாரம் போனில் பார்த்துப் படித்தான். கழுத்துத் தாளை விளிம்புக்குக் கீழே வெட்ட வேண்டும். சுருள் கம்பியைக் கார்க்கின் நடுவில் இறக்க வேண்டும். சத்தம் வராமல் இழுக்க வேண்டும். முதலில் விருந்தாளிக்கு ஒரு வாய் ஊற்றி, அவர் சரி என்ற பிறகுதான் மற்றது. சரியாகச் செய்தால் சரியாக வரும். பதினேழு வருடமும் அவனை நடத்திவந்தது இந்த எண்ணம்தான். அதற்கு ஆதாரம் எதுவும் அதுவரை கிடைக்கவில்லை.

துணியால் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து அவன் மனைவி ஹெலன், "பூசைல ஃபாதர் கூட இவ்ளோ பவுசு பண்ணமாட்டாரு," என்றாள்.

மணவாளன் வந்து உட்கார்ந்தார். தாள் ஒழுங்காக வெட்டுப்பட்டது, கம்பி நடுவில்தான் இறங்கியது. இழுத்தபோது பாதிக் கார்க் தூளாக வந்தது. படுத்துக் கிடக்க வேண்டிய பாட்டில் மூன்று வருடம் நின்றதில் கார்க் காய்ந்துபோயிருந்தது. இறுகிய போல்ட்டைக் கழற்றும் பொறுமையோடு மீதியைத் தொட்டான். அது உள்ளே விழுந்துவிட்டது. ஹெலன் டீ வடிகட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாய் ஊற்றி நீட்டினான். அவர் முகர்ந்தார், குடித்தார்.

"நல்லா இருக்குது ஜெரால்ட். நீங்களும் உக்காருங்க."

தன் டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்தான். வினிகர்.

மணவாளன் மோசமானதை நல்லது என்று சொல்கிறவர் அல்ல. மயிரிழைக் கீறலுக்காக நூறு வால்வைத் திருப்பி அனுப்புவார். எட்டு வருடமாக அவனை "யோவ்" என்பதற்கு மேல் எதுவும் கூப்பிட்டதில்லை. அவர் ஒரு தொழிலாளியை "நீங்க" என்று சொல்லி ஜெரால்ட் கேட்டது ஒரே ஒரு முறை. போன வருடம் கூட வேலை பார்த்த பாக்கியராஜை வேலையை விட்டு அனுப்பிய அன்று, நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, உங்க வேலை முதல் தரம் என்றார்.

பட்டியல் முடிந்துவிட்டது, அதில் தான் இல்லை என்று ஜெரால்டுக்குத் தெரிந்தது. திட்டியிருந்தால் இன்னும் இடம் இருந்திருக்கும். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று அவர் மெதுவாக விசாரித்தார். அவன் பதில் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனான்.

ஹெலன் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். "நல்லா கீதுன்னு சொல்ட்டாரு பாரு. இப்பவே கேட்டுரு. இன்னாத்துக்கு முழிச்சிகினு நிக்கிற?"

"சோத்த போடு," என்றான்.

அவள் குழம்பில் கரண்டியை விட்டு, நல்ல கறித்துண்டுகளாகத் தேடித்தேடி மேனேஜரின் தட்டில் வைத்தாள்.